கைத்தொலைபேசியில் வரும் வைத்தியம்

புகைத்தலை விட நினைப்பவர் எதை நம்பலாம்?

வெலிமடையில் உருளைக்கிழங்கு போடும் ஒருவரிடம் பெயர்ச்சீட்டு இல்லாத மருந்துப் போத்தல் ஒன்றைக் கொடுத்து, "இதை அடித்தால் ஏழே நாளில் இலைக்கருகல் போய்விடும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் சும்மா வாங்கிவிட மாட்டார். யார் செய்த மருந்து, திகதி எங்கே, பதிவு இலக்கம் உண்டா, ஒரு தாங்கிக்கு எத்தனை மூடி, இதை அடித்த தோட்டம் எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்பார். பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980ஆம் ஆண்டில் வந்தது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பெயரில்லாத மருந்தை அடித்துப் பயிர் வாடியவரின் கதை அவருக்குத் தெரியும். அதே மனிதருக்கு இரவு எட்டு மணிக்குக் கைத்தொலைபேசியில் "மூன்றே நாளில் சிகரெட்டை மறக்கச் செய்யும் மூலிகைப் பானம்" என்று ஒரு காணொளி வருகிறது. ஒரு கேள்வியும் கேட்காமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறார்.

நிலத்தை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த விடயம் இன்னும் நெருக்கமானது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய பிறகும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகும், பதுளை மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் பாடசாலைக் கட்டடங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் உறவினர் வீடுகளிலும் நாட்களைக் கழித்தன. வேலை இல்லை, தோட்டம் இல்லை, யோசனை மட்டும் உண்டு. அப்படியான வேளையில் ஒரு நாளைக்கு மூன்று சிகரெட் குடித்தவர் ஏழு, எட்டு என்று போவது அதிசயமல்ல. ஒரே அறையில் பிள்ளைகளும் அந்தப் புகையையே சுவாசிக்கிறார்கள். பிறகு ஒருநாள் இருமல் பயமுறுத்துகிறது, அல்லது கையில் காசு தீர்ந்து போகிறது. விட வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. பழைய தோட்டத்து டிஸ்பென்சரி இப்போது தூரம். வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். கையில் இருப்பது கைத்தொலைபேசி. அதிலே தேடுகிறார். அதில் தவறொன்றுமில்லை. அங்கே என்ன கிடைக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

நுரையீரலைக் கழுவும் இஞ்சி வெங்காயக் கஷாயம், வீட்டுக்கே வரும் பொடி, காதிலே ஒட்டும் காந்தம், "ஒரு நாளைக்கு இரண்டு சிகரெட்டால் ஒன்றும் ஆகாது" என்ற ஆறுதல், "திடீரென்று விட்டால் இருதயம் நின்றுவிடும்" என்ற பயமுறுத்தல், "சிகரெட்டை விட்டுவிட்டு வெற்றிலையில் புகையிலை வைத்து மெல்லுங்கள்" என்ற புத்திமதி. இவற்றுக்கு நடுவிலே நல்ல ஆலோசனையும் இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒரே மாதிரி வெள்ளை அங்கி அணிந்தவரின் படத்தோடு வருகின்றன. கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்தெடுக்க முடியாது.

ஒரு விளம்பரத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். "எமது பொடியைப் பாவித்த 100 பேரில் 98 பேர் ஏழு நாளில் புகைத்தலை நிறுத்தினர்" என்று அது சொல்கிறது. இந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். விட விரும்பிய 697 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினர் குறித்த ஒரு நாளில் ஒரேயடியாக விட்டார்கள். மறுபகுதியினர் இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பிறகு விட்டார்கள். இரு பகுதியினருக்கும் தாதியரின் ஆலோசனையும் நிக்கொட்டின் ஒட்டுப்பட்டியும் கிடைத்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ஒரேயடியாக விட்டவர்களில் 100க்கு 22 பேர் புகைக்காமல் இருந்தார்கள். குறைத்து விட்டவர்களில் ஏறக்குறைய 15 அல்லது 16 பேர். அவர்கள் சொன்ன வார்த்தையை மட்டும் நம்பாமல், மூச்சை ஒரு கருவியில் ஊதச் சொல்லி, அதில் உள்ள காபனோரொட்சைட்டை அளந்தும் பார்த்தார்கள்.

நல்ல உதவியோடும் 22 பேர்தான். எந்த உதவியும் இல்லாமல் தானாக விட முயல்பவர்களில், ஒரு முயற்சியில் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் தாக்குப்பிடிப்பவர் 100க்கு 3 முதல் 5 பேர் என்றே பழைய ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டார்கள். இதைக் கேட்டு மனம் உடையத் தேவையில்லை. பலர் பல தடவை முயன்றே விடுகிறார்கள் என்பதுதான் இதன் பொருள். ஆனால் 98 என்று ஒருவர் சொன்னால், அவர் எத்தனை பேரை, எத்தனை மாதம் கழித்து, எப்படி அளந்தார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஏழாம் நாள் புகைக்காமல் இருப்பது வேறு, அடுத்த அறுவடைக்கும் புகைக்காமல் இருப்பது வேறு. விதைத்த ஏழாம் நாள் முளையைக் காட்டி விளைச்சல் கணக்குச் சொல்பவனை நாம் நம்புவோமா?

இணையத்தளங்களிலே வைத்தியத் தகவல் பெருகத் தொடங்கிய காலத்திலேயே, 1997ஆம் ஆண்டில், அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் சிலர் நான்கு விடயங்களைப் பார்க்கச் சொல்லி எழுதினார்கள். எழுதியவர் யார், எங்கிருந்து எடுத்தார், யாருடைய பணத்தில் நடக்கிறது, எப்போது எழுதப்பட்டது. கிருமிநாசினிப் போத்தலில் நாம் பார்ப்பவையும் கிட்டத்தட்ட இவைதாம். இந்த நான்கில் மூன்றை அநேகர் எப்படியோ பார்த்துவிடுகிறார்கள். பணத்தைப் பற்றிய கேள்வியைத்தான் கேட்பதில்லை. புகையிலை விடயத்தில் அதுவே முதற் கேள்வியாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு நீண்ட கதை உண்டு.

1954 ஜனவரி 4ஆம் திகதி அமெரிக்காவின் 400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கையொன்று வந்தது. சிகரெட் கம்பனிகள் சேர்ந்து வெளியிட்டவை. தமது பொருள் உடல்நலத்துக்குக் கேடானது என்று தாம் நம்பவில்லை என்றும், மக்களின் நலமே தமக்குப் பெரிது என்றும், ஆராய்ச்சிக்குப் பணம் தருவதாகவும் அதில் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்பே, 1950இல், இங்கிலாந்தில் டொல், ஹில் என்ற இருவர் நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்கும் உள்ள தொடர்பை எழுதியிருந்தார்கள். கம்பனிகளுக்கு இது தெரியாததல்ல. மக்கள் மனதில் "இன்னும் நிச்சயமாகவில்லை" என்ற சந்தேகம் இருந்தால் போதும், வியாபாரம் நடக்கும். 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், கம்பனிகள் பல பத்தாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தார். உண்மையைச் சொல்லும் திருத்த அறிக்கைகளைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வெளியிடும்படி கட்டளையிட்டார். மேன்முறையீடுகள் எல்லாம் முடிந்து அவை வெளிவரத் தொடங்கியது 2017 நவம்பரில். பொய் ஒரு நாளில் 400 பத்திரிகைகளில் வந்தது. திருத்தம் வர 63 வருடம் எடுத்தது.

"மைல்ட்", "லைட்" என்ற பெயர்களும் அந்த வழியில் வந்தவையே. வடிகட்டியில் சிறு துளைகள் இட்டு, இயந்திரம் இழுத்துப் பார்க்கும்போது தார் குறைவாகத் தெரியும்படி செய்தார்கள். மனிதன் இயந்திரமல்லவே. விரலால் துளையை மூடிக்கொள்கிறான், ஆழமாக இழுக்கிறான், இன்னொன்றைப் பற்ற வைக்கிறான். கேடு குறையவில்லை. பீடி இலையில் சுற்றியது, ஆகவே இயற்கையானது என்ற பேச்சும் இப்படித்தான். இலை எதுவானாலும் உள்ளே எரிவது புகையிலை.

இவை பழைய கதைகள் என்று தள்ளிவிட முடியாது. 2017இல் "புகையற்ற உலகம்" என்ற நோக்கத்தைப் பெயரிலேயே வைத்து ஓர் அமைப்புத் தொடங்கப்பட்டது. அதற்கு வருடம் 80 மில்லியன் டொலர் வீதம் 12 வருடம் தருவதாக வாக்களித்தது பிலிப் மொறிஸ் சர்வதேச நிறுவனம், மல்பரோ சிகரெட்டை விற்கும் அதே நிறுவனம். 2024இல் அந்த அமைப்புத் தன் பெயரை மாற்றிக்கொண்டது. பெயரை மட்டும் பார்த்தால் அதை நமது சுகாதாரப் பணியகத்தின் சகோதரி என்றே நினைப்போம்.

2020இல் கொரோனாக் காலத்தில் இன்னொன்று நடந்தது. புகைப்பவரைக் கொரோனா குறைவாகத் தொடுகிறது என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. பிரான்ஸில் மக்கள் நிக்கொட்டின் ஒட்டுப்பட்டிகளை வாங்கிக் குவித்துவிடக்கூடும் என்று அஞ்சி அரசாங்கம் விற்பனைக்கு வரம்பு வைத்தது. மெக்சிக்கோவின் 89,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய ஒரு கட்டுரை ஐரோப்பாவின் மதிப்புமிக்க சுவாச நோய்ச் சஞ்சிகையொன்றில் வந்து அந்தச் செய்திக்கு வலுச் சேர்த்தது. 2021இல் அச்சஞ்சிகை அக்கட்டுரையை மீளப்பெற்றுக்கொண்டது. எழுதியவர்களில் இருவர் புகையிலைத் தொழிலோடு தமக்கு இருந்த தொடர்பைச் சொல்லாமல் மறைத்திருந்ததே காரணம். மீளப்பெற்ற செய்தி, முதற் செய்தி போன இடங்களுக்கெல்லாம் போகவில்லை. இன்றும் "சிகரெட் குடித்தால் கொரோனா வராது என்று விஞ்ஞானிகளே சொன்னார்கள்" என்று சொல்பவர் இருக்கிறார்கள். ஆகவே "ஆய்வில் கண்டுபிடித்தார்கள்" என்ற ஒற்றைச் சொல் போதாது. ஒரே ஆய்வைக் காட்டுபவரைவிட, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவரின் பேச்சுக்கே கனம் அதிகம்.

முத்திரைகளும் ஏமாற்றும். ஜெனீவாவில் 1990களின் நடுப்பகுதியில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, நேர்மையான வைத்திய இணையத்தளங்களுக்கு "ஹொன்" என்ற முத்திரையை வழங்கி வந்தது. நல்ல வேலை. ஆனால் அந்த அமைப்பு 2022இல் மூடப்பட்டுவிட்டது. முத்திரையின் படம் ஏதாவது பக்கத்தில் இன்னும் தொங்கினால், அதைச் சோதித்துப் பார்க்க இன்று அங்கே ஆள் இல்லை.

பெரியவர்கள் குடித்துக் காட்டினால் உண்மை ஆகிவிடுமா? 2020 டிசம்பரில் கேகாலை ஹெட்டிமுல்லையில் தம்மிக்க பண்டார என்பவர், காளியம்மன் தமக்கு அருளியதாகச் சொல்லி, தேனும் சாதிக்காயும் கலந்த ஒரு பாணியைக் கொரோனாவுக்கு மருந்தென்று கொடுத்தார். கூட்டம் கூடக்கூடாத அந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகப் பருகினார். 2021 ஜனவரியில் அவருக்கே கொரோனாத் தொற்று உறுதியானது. பாணியைக் குடித்தவர்களைப் பரிகசிக்க இதை எழுதவில்லை. பயத்தில் இருப்பவன் எதையும் பிடித்துக்கொள்வான். அடுத்த மருந்து அமைச்சரின் படத்தோடு வந்தாலும், ஒரு சுவாமியாரின் படத்தோடு வந்தாலும், நம் சபையின் போதகர் சாட்சி சொன்னாலும், கேள்வி அதேதான் என்பதற்காகவே எழுதுகிறோம். இரசாயன உரம் ஒரே இரவில் நிறுத்தப்பட்ட 2021ஆம் ஆண்டை வெலிமடை மரக்கறித் தோட்டக்காரர் மறந்திருக்க மாட்டார். பெரிய இடத்திலிருந்து வந்தது என்பதற்காக ஒரு சொல் சரியாகிவிடாது என்பதை அவருக்கு வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

"இயற்கை மருந்துதானே, கெடுதல் செய்யாது" என்பது அடுத்த பேச்சு. நமது சித்த, ஆயுர்வேத வைத்தியத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. பதிவு பெற்ற வைத்தியர் நாடி பார்த்துக் கொடுப்பது ஒன்று. முகவரியில்லாத ஒருவர் இணையத்தில் விற்பது வேறொன்று. 2008இல் அமெரிக்காவில் இணையம் வழியாக விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிப் பரிசோதித்தார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆசனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. பொடியை விற்பவர் இதை உங்களிடம் சொல்லமாட்டார். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். இயற்கை என்றால் சாதுவானது என்று விவசாயி நம்பவே கூடாது. புகையிலையை ஊறவைத்த தண்ணீரை அடித்து அசுவினியைக் கொன்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஈரமான புகையிலைக் கொழுந்தைப் பறிப்பவருக்குத் தோல் வழியாகவே நிக்கொட்டின் ஏறி வாந்தியும் தலைச்சுற்றும் வருவதும் உண்டு. அதுவும் இயற்கைதான்.

சிகரெட்டுக்குப் பதில் வெற்றிலை என்ற புத்திமதியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் இது எளிதில் எடுபடுகிறது. கொழுந்து பறிக்கும் குளிரில் வாய்க்குச் சூடாக ஒரு வெற்றிலை என்பது நம் பெண்களுக்குப் பாட்டி காலத்துப் பழக்கம். இலங்கையில் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாயில் வருவதுதான். புகையிலை சேர்க்காத வெற்றிலையும், வெறும் பாக்குமே புற்றுநோயை உண்டாக்குவன என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்தது. சிகரெட்டை விட்டு வெற்றிலைக்குப் போனவர் புகையிலையை விடவில்லை. அதைப் பைக்குள்ளிருந்து கன்னத்துக்குள் மாற்றியிருக்கிறார். வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படை, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயைத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் காணொளியைத் தேடாமல் அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வைத்தியர்களுக்கிடையே உண்மையாகவே கருத்து வேறுபாடு உள்ள விடயமும் ஒன்று உண்டு. மின்சிகரெட்தான் அது. விட விரும்பும் வளர்ந்தவருக்கு நிக்கொட்டின் உள்ள மின்சிகரெட், ஒட்டுப்பட்டியைவிட அதிகம் உதவுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் குழு சொல்கிறது. நீண்டகாலத் தீங்கு தெரியவில்லை, சிறுவர்கள் புதிதாகப் பழகுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. இரண்டு பக்கத்திலும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். இலங்கையிலோ 2016 செப்டெம்பரில் வந்த ஒழுங்குவிதிகள், புகையிலை கலந்த மின்சிகரெட்டையும் மெல்லும் புகையிலைக் கலவைகளையும் தடை செய்தன. ஆகவே மறைவில் விற்பதை வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை. ஒரு தளம் மின்சிகரெட்டைப் பற்றி "முற்றிலும் பாதுகாப்பானது" என்றோ "சிகரெட்டைவிடக் கொடியது" என்றோ ஒரே வசனத்தில் முடித்தால், அந்தத் தளத்தின் மற்ற வசனங்களையும் சற்றுச் சந்தேகத்தோடு படியுங்கள். நல்ல தகவல் தனக்குத் தெரியாததையும் சொல்லும்.

இப்போது கேள்வி கேட்டால் உடனே பதில் தரும் இயந்திரங்களும் கைத்தொலைபேசியில் வந்துவிட்டன. தமிழிலும் அழகாகப் பேசுகின்றன. உலக சுகாதார நிறுவனமே 2024 ஏப்ரலில் "சாரா" என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அறிமுகப்படுத்தி, புகைத்தலை விடுவது பற்றியும் பேச வைத்தது. அதன் பதில்கள் எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்று அந்த நிறுவனமே கூறியது. தமிழ் அதன் மொழிகளில் இருக்கவில்லை. இயந்திரத்திடம் கேட்கலாம். கேட்டதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்த் தாதியிடமோ பாமசிக்காரரிடமோ காட்டுவதற்கு அது உதவும். மருந்தின் அளவை மட்டும் அதனிடமிருந்து எடுக்காதீர்கள்.

தமிழில் தேடுபவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கிடைப்பதில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருவது. அதில் நல்லவையும் பல. ஆனால் 1800-11-2356 என்று அவர்கள் தரும் இலக்கம் இந்திய அரசாங்கத்தின் உதவி இலக்கம், அங்கே சிகரெட் பெட்டியில் அச்சிடப்படுவது. நமக்கு அது உதவாது. மருந்தின் வியாபாரப் பெயரும் இங்கே வேறாக இருக்கலாம். நமது நாட்டில் ஒரு மருந்து பதிவு பெற்றதா என்பதைப் பார்ப்பது, 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை.

சரி, நம்பக்கூடியது என்னதான் சொல்கிறது? 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்கள் புகையிலையை விடுவதற்கான சிகிச்சை வழிகாட்டியை முதன்முறையாக வெளியிட்டது. வைத்தியரோ தாதியோ சில நிமிடம் பேசும் ஆலோசனை, தொலைபேசி ஆலோசனை, நிக்கொட்டின் ஒட்டுப்பட்டியும் சூயிங்கமும், வரெனிகிளின், புப்புறோபியன், சைற்றிசின் என்ற மருந்துகள் ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் பலன் கூடும். பாரம்பரிய முறைகளைப் பற்றி, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்று அது எழுதியிருக்கிறது. ஒட்டுப்பட்டியோ சூயிங்கமோ பாவிப்பவர் விடும் வாய்ப்பு, பாவிக்காதவரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது. எல்லாப் பாமசியிலும் இவை இருக்குமென்று எண்ணிப் பஸ் ஏறாதீர்கள். முதலில் தொலைபேசியில் விசாரியுங்கள்.

திடீரென்று விட்டால் ஆபத்து என்பது பொய். மதுசாரத்துக்கு அடிமையானவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், அவருக்கு வைத்தியர் தேவை. அந்த எச்சரிக்கையை யாரோ சிகரெட்டுக்கும் ஒட்டிவிட்டார்கள். சிகரெட்டை விட்டால் எரிச்சல், தூக்கமின்மை, பசி, மனம் ஒன்றாமை வரும். முதல் இரண்டு மூன்று நாள் கடினம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். இங்கே நமது சபை மக்களுக்கு ஒரு வார்த்தை. தவக்காலத்தில் 40 நாள் சிகரெட்டைத் தொடாமல் இருந்துவிட்டு, பாஸ்கு ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலிலேயே பற்ற வைப்பவர்கள் உண்டு. உடல் கேட்கும் காலம் அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிட்டது. கடினமான பாதையை நடந்து முடித்தவர், திரும்பி அடிவாரத்துக்கே போகிறார்.

"கவலைக்கு ஒரு சிகரெட்" என்பதையும் இடம்பெயர்ந்தோர் அடிக்கடி சொல்கிறார்கள். 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விட்டவர்களுக்கு மனப்பதற்றமும் மனச்சோர்வும் தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்திருந்தன. சிகரெட் தீர்ப்பது பெரும்பாலும் முந்திய சிகரெட் விட்டுப்போன தவிப்பையே. மண்ணிலே வீட்டையும் உறவையும் இழந்தவரின் துயரம் வேறு. அதற்குப் புகை மருந்தல்ல, பேச ஆள் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அதற்கு அழைக்கலாம்.

"என் பாட்டன் தொண்ணூறு வயதுவரை சுருட்டுக் குடித்தார்" என்பவருக்கும் பதில் இருக்கிறது. டொல் என்ற அதே ஆய்வாளர் 1951இல் தொடங்கி 34,439 ஆண் வைத்தியர்களைப் பின்தொடர்ந்தார். 50 வருடம் கழித்து 2004இல் எழுதிய கணக்கின்படி, புகைத்தவர்கள் சராசரியாக 10 வருடம் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர் 3 வருடத்தையும், 50இல் விட்டவர் 6 வருடத்தையும், 40இல் விட்டவர் 9 வருடத்தையும் மீட்டுக்கொண்டார். 30இல் விட்டவர் ஏறக்குறைய எல்லாவற்றையும். பாட்டனின் கதை உண்மையாக இருக்கலாம். அவரோடு சுருட்டுக் குடித்து ஐம்பதில் போனவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கைத்தொலைபேசி எதுவும் உங்களிடம் கேட்காத ஒரு கேள்வியை வைத்தியர் கேட்பார்: வேறு என்ன மருந்து பாவிக்கிறீர்கள்? சிகரெட் புகை சில மருந்துகளை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றுகிறது. விட்டவுடன் அந்த மருந்தின் அளவு இரத்தத்தில் கூடும். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் குளிசை எடுப்பவர், மனநோய்க்குக் குளோசப்பின் அல்லது ஒலான்சப்பின் எடுப்பவர், இன்சுலின் போடுபவர், இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் எடுப்பவர் ஆகியோர் விடப்போகும் நாளை முன்கூட்டியே கிளினிக்கில் சொல்ல வேண்டும். விடாமல் இருப்பதற்கு இது காரணமல்ல. மருந்தின் அளவைத் திருத்திக்கொள்வதற்கே.

வெலிமடைப் பக்கம் இருப்பவர்கள் ஆதார வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவிலோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ இதைக் கேட்கலாம். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம், கணவரின் புகைத்தலைப் பற்றி மனைவி கேட்பதிலும் வெட்கமில்லை. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை, 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. புகைத்தலை விட விரும்புவோருக்கான அதன் தொலைபேசி இலக்கம் 1948. தமிழில் பேச வேண்டும் என்று எடுத்தவுடனே சொல்லிவிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கிறீர்கள், எழுந்து எத்தனை நிமிடத்தில் முதலாவதைப் பற்ற வைக்கிறீர்கள், முன்பு எத்தனை தடவை விட முயன்றீர்கள், எந்தச் சந்தர்ப்பத்தில் திரும்பவும் தொடங்கினீர்கள் என்று கேட்பார்கள். கிளினிக் கொப்பியையும் பாவிக்கும் குளிசைகளின் பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள். யாராவது அனுப்பிய காணொளி மனதைக் குழப்பியிருந்தால், அதில் சொன்னதையும் அவர்களிடமே கேளுங்கள்.